தனியாக டைவிங் போகிறீர்களா? பீச்சைக் கடைசியாகப் பாருங்கள்

“அக்கா, இந்த பீச் எப்படி இருக்கும்?” தனியாக டைவிங் போக ஆசைப்படுகிறவர்கள் எனக்கு அனுப்பும் முதல் மெசேஜ் பெரும்பாலும் இதுதான். கூடவே ஒரு படம் வரும். வெள்ளை மணல், சாய்ந்த தென்னை, அடி தெரிகிற நீலத் தண்ணீர். ஸ்கூபா சொல்லிக்கொடுப்பது என் தொழில். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வைத்து என்னால் பதில் சொல்ல முடியாது. எந்த மாதம் போகிறீர்கள், கையில் எத்தனை நாள், இதுவரை எத்தனை டைவ் செய்திருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன்.

முதலில் மாதம். ஒரே நாட்டிலேயே ஒரு பக்கம் கடல் குளம் போல் கிடக்கும்போது மறுபக்கம் கொந்தளிக்கும். தாய்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தமான் கடல் பக்கம் இருக்கும் சிமிலான் தீவுகளை மே மாத நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடிவிடுகிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலம் அது. தாய்லாந்து வளைகுடாப் பக்கம் இருக்கும் கோ தாவ் தீவில் அதே மாதங்களில் டைவிங் மும்முரமாக நடக்கும், அங்கே நவம்பர்தான் மோசம். மலேசியாவின் பெர்ஹெந்தியான் தீவுகளில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பெரும்பாலான விடுதிகளைப் பூட்டிவிடுவார்கள். அறை மலிவாகக் கிடைக்கிறதே என்று சீசன் இல்லாத நேரத்தில் போகாதீர்கள். தண்ணீர் கலங்கியிருக்கும், படகு பல நாள் கிளம்பவே கிளம்பாது.

அப்புறம் நீரோட்டம். இந்தோனேசியாவின் கொமோடோ, மாலத்தீவில் பவளத்திட்டுகளுக்கு நடுவே கடல் பாய்ந்து போகும் கால்வாய்கள், இவையெல்லாம் கனவு இடங்கள்தான். அந்த ஓட்டம் இருப்பதால்தான் பெரிய திருக்கைகளும் சுறாக்களும் அங்கே வருகின்றன. ஆனால் தொடக்கநிலைப் பயிற்சி முடித்ததும் கிடைக்கும் ‘ஓப்பன் வாட்டர்’ சான்றிதழ் வாங்கிய கையோடு போகிற இடமல்ல. அந்தச் சான்றிதழின் ஆழ வரம்பு 18 மீட்டர். அலையில்லாத விரிகுடா, மெல்லச் சரியும் அடித்தளம், பத்துப் பன்னிரண்டு மீட்டரிலேயே பவளம் என்று இருக்கும் தீவு போதும். உங்களுக்கு அங்கே பார்க்க ஒரு வாரத்துக்கும் மேல் இருக்கும்.

தனியாகப் போகிறவர் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. தண்ணீருக்குள் யாரும் தனியாக இறங்குவதில்லை. ‘பட்டி’ (buddy) என்று துணைக்கு ஒருவர் கூட வரவேண்டும். நண்பர்களோடு வந்தவருக்கு அந்த ஆள் தயாராக இருக்கிறார். உங்களுக்கோ, படகு கிளம்பும்போது முன்பின் தெரியாத ஒருவரைக் கைகாட்டுவார்கள். வெட்கப்படாமல் அவரோடு பேசிவிடுங்கள். எத்தனை டைவ் செய்திருக்கிறார், கடைசியாக எப்போது இறங்கினார், காற்று வேகமாகத் தீருமா என்று கேளுங்கள். ரெகுலேட்டர் என்பது சிலிண்டர் காற்றை வாய்வழியாக இழுக்கும் கருவி. உங்கள் காற்று தீர்ந்தால் உதவும் அவருடைய மாற்று ரெகுலேட்டர் எந்தப் பக்கம் தொங்குகிறது என்று கையால் தொட்டுப் பாருங்கள். பிறகு உங்கள் ரெகுலேட்டரை வாயில் வைத்து, சிலிண்டரின் காற்றழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜைப் பார்த்தபடியே நான்கைந்து முறை ஆழமாக மூச்சிழுங்கள். முள் அசையாமல் நின்றால் சரி. ஒவ்வொரு இழுப்புக்கும் முள் கீழே இறங்கி ஏறினால் சிலிண்டர் வால்வு சரியாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். படகில் காற்று தாராளமாக வருவதுபோலவே இருக்கும். ஆழத்துக்குப் போனதும்தான் மூச்சு முட்டும். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் பாதிப் பேர் செய்யாமலே குதிக்கிறார்கள், எனக்கு அது ஒவ்வொரு முறையும் பதறுகிறது.

டைவ் சென்டரில் பணம் கட்டும் முன் ஒரு கேள்வி: “படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, காட்ட முடியுமா?” நல்ல சென்டர் முகம் சுளிக்காது. பெட்டியைத் திறந்து, சிலிண்டரின் அளவையும் மாஸ்க்கையும் காட்டுவார்கள். பக்கத்து ஹைப்பர்பேரிக் சேம்பர் (அழுத்த அறை) எங்கே, அங்கே போக எத்தனை மணி நேரம் என்றும் கேளுங்கள். ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. வேகமாக மேலே வந்தால் அது குமிழிகளாக வெளிப்பட்டு நரம்பையும் மூட்டையும் பாதிக்கும். இதற்குச் சிகிச்சை அந்த அழுத்த அறைதான். அதுவரை முதலுதவி சுத்தமான ஆக்சிஜன். மூட்டுவலி, மரத்துப்போதல், காரணமில்லாத அசதி, இதுபோல அறிகுறிகள் டைவ் முடிந்து சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். அறையில் தனியாக இருப்பவர் ‘வெயில் களைப்பு’ என்று படுத்துவிடுகிறார். “கை என்ன இப்படி வைத்திருக்கிறாய்?” என்று கேட்க ஆள் கிடையாது. அதனால் அன்று மாலை உங்களுக்கு போன் செய்து விசாரிக்கும்படி இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்லிவையுங்கள். நான் என் மாணவர்கள் எல்லோருக்கும் செய்கிறேன்.

ஐந்து நாள் லீவில் தனியாக வந்த ஒரு பெண் நினைவுக்கு வருகிறார். முதல் நாளே நல்ல சளி. மாத்திரை போட்டிருக்கிறேன், மூக்கு திறந்துவிட்டது, இறங்கலாம் என்றார். மாத்திரையின் வேகம் தண்ணீருக்கடியில் குறைந்தால் காது மறுபடி அடைத்துக்கொள்ளும். மேலே வரும்போது உள்ளே மாட்டிய காற்று விரிந்து செவிப்பறையைத் தள்ளும். முடியாது என்றேன். மிகவும் வருத்தப்பட்டார். நான்காம் நாள் சளி இறங்கிவிட்டது, இறங்கினோம், கடலாமை ஒன்று எங்களுக்கு இரண்டு கை தூரத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாவது காலியாக வைத்துத் திட்டம் போடச் சொல்வது இதற்காகத்தான். நாள் குறைவாக இருந்தால் உடம்பு சொல்வதைக் கேட்க மனசு வராது.

மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமாவையோ வலிப்பையோ மறைக்காதீர்கள். பயணக் காப்பீட்டில் ஸ்கூபா உண்டா, எத்தனை மீட்டர் வரை என்று படித்துப் பாருங்கள். பெண்கள், வேண்டுமென்றால் பெண் இன்ஸ்ட்ரக்டரைக் கேட்டு வாங்கலாம். ஓட்டிப் பழக்கமில்லாத ஸ்கூட்டரைத் தீவில் தொடாதீர்கள்.

கடைசியாக விமானம். ஒரே ஒரு டைவ் செய்திருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் பல டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட்டுத்தான் பறக்கவேண்டும். நான் முழுதாக ஒரு நாள் விடச் சொல்வேன். சிறிய விமானத்தில் மட்டுமே வெளியேற முடிகிற தீவு என்றால் இந்தக் கணக்கை டிக்கெட் போடும்போதே போட்டுவிடுங்கள். அந்த ஒரு நாள் தண்ணீருக்குள் இறங்காமல் சும்மா இருக்கவேண்டிய நாள். நீங்கள் எனக்கு அனுப்பிய படத்தை இப்போது எடுங்கள். நிழல் இருக்கிறதா, அறையிலிருந்து நடந்தே போகலாமா என்று பார்த்து பீச்சைத் தேர்ந்தெடுக்கலாம்.