சாப்பாட்டு வரிசையைப் பார்த்து அமைதி மன்றம் தொடங்குங்கள்

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்துப் பள்ளிகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என வீட்டில் வேறு வேறு மொழி பேசும் பிள்ளைகள் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். சிப்காட் தொழிற்பேட்டை வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகளும் சேர்கிறார்கள். இவர்கள் கலந்து பழகவும், சண்டைகளைப் பேசித் தீர்க்கவும் பள்ளியில் ஒரு மாணவர் குழு வேண்டும்; அதுதான் அமைதி மன்றம். தொடங்கும் முன், மதியம் தட்டோடு யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். பெயர் குறிக்க வேண்டாம்; எத்தனை கூட்டமாகப் பிரிகிறார்கள், தனியாகச் சாப்பிடுவோர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை போதும்.

மன்ற உறுப்பினர்களைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். 6 முதல் 9 வரை வகுப்புக்கு 6 பேர், பாதிப் பேர் பெண் பிள்ளைகள், ஆக 24 பேர். ஆசிரியரே தேர்ந்தெடுத்தால் நன்றாகப் பேசும் பிள்ளைகள்தான் வருவார்கள். ஒதுங்கி நிற்கும் பிள்ளை இங்கும் வெளியேதான் நிற்கும். வாரம் ஒரு பாடவேளை போதும். தலைவர் பதவி வேண்டாம், வாரம் ஒருவர் நடத்தட்டும்.

முதல் கூட்டத்துக்கு ராகியையே எடுத்துக்கொள்ளலாம். மாவைக் கிண்டி உருட்டினால் நமக்குக் களி, கன்னட வீட்டில் முத்தெ, தெலுங்கு வீட்டில் சங்கட்டி. பெயர்களைப் பிள்ளைகளே பலகையில் எழுதட்டும். ஆனால் 'உன் வீட்டில் நேற்று என்ன சாப்பாடு?' என்று வரிசையாகக் கேட்காதீர்கள். அது வறுமையையும் சாதியையும் சபையில் கேட்பதாகிவிடும். ஆண்டு விழாவில் சித்தேரி மலைப் பிள்ளைக்கு இலை தழை கட்டி 'பழங்குடி நடனம்' ஆடவிடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

சண்டை வந்தால் உடனே 'கை குடுத்துக்கோ' என்று முடிக்காதீர்கள். கோபம் ஆறட்டும், மறுநாள் பேசலாம். வேறு வகுப்பு உறுப்பினர் இருவர் நடுவில் உட்கார, ஒருவர் 3 நிமிடம் பேச வேண்டும். கேட்டவர், தான் கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்ன பிறகுதான் தன் பக்கத்தைப் பேசலாம். பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். பதில் சொல்லத் துடிப்பவர் காதில் எதுவும் விழுந்திருக்காது. அப்போது முதலாமவர் மறுபடி சொல்லட்டும், அவசரப்படுத்தாதீர்கள். கடைசியில், இனி என்ன செய்வோம் என்று ஆளுக்கு ஒரு வரி எழுத வேண்டும்.

சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது, மிரட்டல், பாலியல் சீண்டல் ஆகியவை மாணவர் பேசித் தீர்க்கும் விஷயமே அல்ல. அவமானப்பட்ட பிள்ளையை அவமானப்படுத்தியவரோடு சமமாக உட்காரவைத்து 'ராசி' பேசச் சொல்வது இரண்டாவது அடி. நேராகத் தலைமை ஆசிரியரிடம் போக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098ஐப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களிடையே நடந்த சாதி வன்முறைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதி காட்டும் கைக்கயிறுகளைத் தடை செய்யவும், மாணவர்களை அகரவரிசையில் உட்காரவைக்கவும் 2024இல் பரிந்துரைத்தது. இருவர் உட்காரும் பெஞ்சுகளில் இந்த அகரவரிசையை மாதம் ஒருமுறை ஓர் இடம் நகர்த்தினால் பக்கத்துப் பிள்ளையும் மாறும்.

மூன்று மாதம் கழித்துச் சாப்பாட்டு வரிசையை மறுபடி எண்ணுங்கள். கூட்டங்கள் கலையாமல் அப்படியே இருந்தால், பரிமாறும் குழுக்களையும் சீட்டுக் குலுக்கியே அமையுங்கள்.