தோட்டத்துக்கு ஆள் விடுறீங்களா? அப்ப சட்டப்படி நீங்களும் முதலாளிதான்

முதலாளின்னா நம்மாளுங்களுக்கு மில்லு ஓனரு, கம்பெனி ஓனருதான் ஞாபகத்துக்கு வரும். ரெண்டு ஏக்கர்ல வெங்காயம் போட்டுட்டு களையெடுக்க நாலு பொம்பளையாளு விடுறவரு தன்னை அப்படி நினைச்சுக்கவே மாட்டாரு, ஆனா சட்டம் அவரையும் அந்தக் கணக்குலதான் வச்சிருக்கு. 2025 நவம்பர் 21லேர்ந்து பழைய 29 தொழிலாளர் சட்டத்தை நாலு தொகுப்பா ஆக்கி அமலுக்குக் கொண்டு வந்துட்டாங்க, அதுல கூலித் தொகுப்பும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் நேரா நம்ம வரப்பு வரைக்கும் வருது.

மொதல்ல கூலி. அரசு அறிவிக்கிற குறைஞ்சபட்சக் கூலிக்குக் கீழ கொடுக்கக் கூடாது, கொடுத்தா 50,000 ரூபா வரைக்கும் அபராதம். தினக்கூலின்னு பேசி விட்டா அன்னிக்கு வேலை முடியறப்பவே கொடுத்துரணும், வாரக்கூலின்னா வார லீவுக்கு முந்தின வேலை நாள்ல. "காய் வித்துக் காசு வரட்டும்மா, மொத்தமா தர்றேன்"ங்கிற பேச்சுக்கு சட்டத்துல எடமில்ல. விவசாயத்துக்கு அஞ்சு பேருக்கு மேல ஆள் வைக்காதவங்க பெரிய பதிவேடு எல்லாம் போட வேண்டாம்னு ஒரு சலுகை இருக்கு, இது நல்ல விஷயம், ஆனா அதிகாரி வந்து கேட்டா கூலி கொடுத்ததுக்கு ஏதாவது ஆதாரம் காட்டியாகணும். கொடுக்கலைன்னு ஆள் மூணு வருஷத்துக்குள்ள எப்ப வேணும்னாலும் மனு போடலாம், கொடுத்தேன்னு நிரூபிக்க வேண்டியது நீங்கதான், அவங்க இல்ல. அதனால ஒரு நாப்பது பக்க நோட்டுல தேதி, பேரு, தொகை, கையெழுத்து இல்லன்னா ரேகை, அவ்வளவு போதும். ஜிபேல அனுப்பினா இன்னும் சுலபம்.

ஆம்பளைக்கு ஒரு கூலி பொம்பளைக்கு அதுல பாதின்னு ஊர் வழக்கம் ஒண்ணு இருக்குல்ல, அது 1976லயே சட்டத்துக்கு விரோதமாயிருச்சு, புதுத் தொகுப்புலயும் அதேதான். வேலை வேறன்னா கூலி வேற இருக்கலாம், ஆனா ரெண்டு பேரும் ஒரே பாத்தியில ஒரே மாதிரி மஞ்சள் வெட்டுறப்ப ஒருத்தருக்கு மட்டும் கொறைக்க முடியாது. இதைச் சொன்னா "ஊருல எல்லாரும் அப்படித்தானே கொடுக்கறாங்க"ம்பாங்க. ஊரே செஞ்சாலும் தப்பு தப்புதான்.

முன்பணம் கொடுக்கிறது தனியா ஒரு தலைவலி. பணம் கொடுத்து உதவுறது தப்பில்ல, ஆனா "கடனை அடைக்கிற வரைக்கும் வேற யாருகிட்டயும் வேலைக்குப் போகக் கூடாது"ன்னு புடிச்சு வச்சா அது கொத்தடிமை, 1976 சட்டப்படி மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலு. ஆட்டுக் கிடை போடுறவங்க, வாத்து மேய்க்கிறவங்க சிலரு பசங்களையே முன்பணத்துக்கு அழைச்சிட்டு வந்து வச்சிருப்பாங்க பாருங்க, அதுல குழந்தைத் தொழிலாளர் சட்டமும் சேந்துக்கும், 14 வயசுக்குள்ள பிள்ளையைக் கூலிக்கு வச்சா ஆறு மாசத்துலேர்ந்து ரெண்டு வருஷம் ஜெயிலு, இல்லன்னா 20,000லேர்ந்து 50,000 அபராதம், ரெண்டும் சேத்தும் விழலாம்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்ததுக்கு வர்றேன், விபத்து. டிராக்டர், பவர் டில்லர் ஓட்டுற ஆளு, அறுவடை மிஷின்லயும் கதிரடிக்கிற மிஷின்லயும் நிக்கிற ஆளு, மோட்டார் பம்பு பாக்குற ஆளு, மருந்து அடிக்கிற ஆளு, இவங்க எல்லாருமே இழப்பீடு வாங்க உரிமை உள்ளவங்கன்னு சட்டத்தோட பட்டியல்லயே இருக்கு. தொகை எவ்வளவுன்னு பாத்தாதான் பலருக்கு ஒரைக்கும். நாப்பது வயசு ஆளு, ஒரு நாளைக்கு 500 கூலி, மாசம் 26 நாள், ஆக 13,000. வேலையில இறந்துட்டா அதுல பாதி 6,500, அதை அந்த வயசுக்குன்னு சட்டம் போட்டிருக்கிற 184.17ஆல பெருக்கணும், 11,97,105 ரூபா வருது. ஆளு உயிரோட இருக்காரு, மிஷின்ல கட்டை விரல் மட்டும் போச்சுன்னா 30 சதவீத ஊனம்னு கணக்கு, அதுக்கே 4,30,000 ரூபாய்க்கு மேல வரும். ஒரு மாசத்துக்குள்ள கட்டலைன்னா 12 சதவீதம் வட்டி, சரியான காரணம் இல்லாம இழுத்தடிச்சா அதுக்கு மேல 50 சதவீதம் வரைக்கும் அபராதம்.

நம்ம ஊருகள்ல என்ன நடக்கும்? பெரியவங்க நாலு பேரு உக்காந்து பேசி, ரெண்டு லட்சமோ மூணு லட்சமோ குடும்பத்து கையில கொடுத்து, "இனிமே எந்த வழக்கும் இல்லை"ன்னு ஸ்டாம்ப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்குவாங்க. அந்தப் பேப்பர் செல்லாதுங்க. உரிமையை விட்டுக் கொடுக்கிறேன்னு போடுற ஒப்பந்தமே செல்லாதுன்னு சட்டம் சொல்லுது, அது மட்டுமில்ல, சாவுக்கான இழப்பீட்டைத் தொழிலாளர் துறையில இதை விசாரிக்கிற அதிகாரிகிட்டதான் கட்டணும், குடும்பத்துக்கிட்ட நேர்ல கொடுத்தது இழப்பீடு கட்டினதா கணக்குல ஏறாது (மூணு மாசக் கூலி அளவுக்கு முன்பணமா கொடுத்ததை மட்டும் கழிச்சுக்கலாம்). ரெண்டு வருஷத்துக்குள்ள அந்தக் குடும்பம் மனு போட்டா மறுபடி முழுசா கட்டணும். "குடிச்சிருந்தாரு, நான் சொன்னதைக் கேக்கல"ங்கிற வாதம் சின்னக் காயத்துக்கு வேணா நிக்கும், உயிர் போனாலோ முழுசா முடமாயிட்டாலோ நிக்காது.

மேஸ்திரிதானே ஆள் கூட்டிட்டு வந்தாரு, எனக்கென்னன்னும் ஒதுங்க முடியாது, உங்க காட்டு வேலைன்னா குடும்பம் உங்ககிட்டயே நேரா கேக்கலாம், கட்டினதை அப்புறமா நீங்க மேஸ்திரிகிட்ட வாங்கிக்கலாம் (அவருகிட்ட என்ன இருக்கும்ங்கிறது வேற கதை). புதுத் தொகுப்புல இன்னொண்ணு சேந்திருக்கு, வேலைக்கு வர்ற வழியில, திரும்பிப் போற வழியில நடக்கிற விபத்தும் வேலையில நடந்ததாவே எடுத்துக்கலாம்னு. காலங்காத்தால லோடு ஆட்டோவுல இருபது பொம்பளைங்களை நிக்க வச்சுக் கூட்டிட்டு வர்றோமே, அதை நினைச்சுப் பாருங்க, சரக்கு வண்டியில ஆள் ஏத்தினா வண்டி இன்சூரன்ஸ்காரனும் கைய விரிப்பான்.

மருந்து அடிக்கிறதுக்கு வருவோம். 1971 பூச்சிக்கொல்லி விதியிலேயே தெளிக்கிற ஆளுக்குத் தகுந்த பாதுகாப்பு உடை இருக்கணும்னு எழுதியிருக்கு, கையுறை, மாஸ்க், கண்ணாடி, முழுக்கை சட்டை, பூட்ஸ். லேபிள்ல முக்கோணம் பாருங்க, சிவப்புன்னா கடுமையான விஷம், அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை கடைசி. பச்சைன்னா விஷமே இல்லைன்னு அர்த்தமில்ல. 2017ல மகாராஷ்டிரா யவத்மால் பக்கம் ஆளுயரப் பருத்திக்குள்ள நின்னு அடிச்சு இருபது பேருக்கு மேல செத்தாங்க, நம்ம பக்கம் சோளத்துக்குள்ள வெறும் மேலோட நின்னு அடிக்கிறதும் அதே மாதிரிதான். காத்துக்கு எதிரா அடிக்க விடாதீங்க, நாசில் அடைச்சா வாயால ஊத விடாதீங்க, ஆளுக்குத் தலை சுத்துச்சுன்னா மோர் கொடுத்து உக்கார வைக்காம அந்த டப்பாவையும் எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க, மாற்று மருந்து என்னன்னு லேபிள்லயே போட்டிருக்கும்.

இதுக்கெல்லாம் பணத்துக்கு எங்க போறதுன்னா, பொது இன்சூரன்ஸ் கம்பெனிகள்ல தொழிலாளர் இழப்பீட்டு பாலிசின்னே ஒண்ணு இருக்கு, எத்தனை ஆளு, என்ன வேலைன்னு சொல்லி வாங்கலாம், டிராக்டர் பாலிசியிலயும் டிரைவருக்குன்னு கொஞ்சம் பிரீமியம் சேத்துக் கட்டச் சொல்லுங்க. வழக்கமா வர்ற ஆளுங்களை பேங்க்ல வருஷம் 20 ரூபா கட்டுற பிரதமர் விபத்துக் காப்பீட்டுல சேத்து விடுங்க, விபத்துல இறந்தா 2 லட்சம், 18லேர்ந்து 70 வயசு வரைக்கும் சேரலாம். விவசாயக் கூலியாளுங்களுக்கு உதவித்தொகை தர்ற முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருக்கான்னும் கேளுங்க. ஆனா அந்த 2 லட்சம் அவங்க பேர்ல வர்ற பணம், நீங்க கட்ட வேண்டிய 11,97,105ல ஒரு ரூபாகூட அதனால கொறையாது, அதுக்கு உங்க பேர்ல பாலிசி இருக்கணும்.