குட்டைக்குள் ஜிலேபி எப்படி வந்தது?

"சார், நான் விட்டது கட்லாவும் ரோகுவும். வலையில வந்ததெல்லாம் ஜிலேபி!"

மீன் வளர்ப்பு ஆலோசனைக்குப் போகும் இடங்களில் இந்தப் புலம்பலைக் கேட்காத வருஷமே இல்லை. போன மாசியில் பார்த்த ஒரு பண்ணைக்குட்டையில் விரல் நீள ஜிலேபிக் கெண்டைகள் கூடை கூடையாக வந்தன. குஞ்சு விற்றவர் ஏமாற்றிவிட்டதாக விவசாயிக்குச் சந்தேகம். "ஏமாத்தவே வேண்டாம் அண்ணே, வாயில குஞ்சு வச்சிருந்த ஒரே ஒரு தாய் மீன் போதும்" என்றேன். அவர் நம்பவில்லை.

ஆண் ஜிலேபி பருவத்தில் கறுத்து, துடுப்பு ஓரம் சிவந்து, குட்டையின் அடியில் கிண்ணம் போல ஒரு குழி பறித்துக் காத்திருக்கும். பெண் அதில் முட்டையிடும். இட்ட கையோடு வாயில் அள்ளிக்கொண்டு கிளம்பிவிடும். ஆணின் பொறுப்பு அத்தோடு சரி. முட்டை பொரிவதும் குஞ்சு நீந்தும் பருவம் வரை வளர்வதும் தாயின் வாய்க்குள்தான். அந்த இரண்டு வாரமும் அதற்குக் கிட்டத்தட்டப் பட்டினி. வெளியே விட்ட பிறகும், ஏதாவது நிழலாடினால் குஞ்சுகள் ஓடிவந்து வாய்க்குள் புகுந்துகொள்ளும்.

ரோகு லட்சக்கணக்கில் முட்டையிடும். ஆனால் அதற்கு ஓடும் வெள்ளம் வேண்டும். தேங்கிய குட்டையில் இனம் பெருக்காது. ஜிலேபி ஒரு தடவைக்கு இடுவது பெரும்பாலும் சில நூறுதான். காவல் பலமாக இருப்பதால் பெரும்பகுதி பிழைத்துவிடும். சில வாரங்களில் அடுத்த ஈடும் தயார். கூட்டம் நெருக்கினால் உடல் வளர்ச்சி நின்றுபோய், இரண்டு மூன்று மாதத்தில் விரல் நீளத்திலேயே சினைக்கு வந்துவிடும். குட்டை நிறைய மீன் இருந்தும் சந்தையில் விலை போகாததற்கு இதுதான் காரணம்.

இதன் சொந்த ஊர் தென்கிழக்கு ஆப்பிரிக்கா, ஜாம்பசி ஆற்றின் கீழ்ப்பகுதியும் அதற்குத் தெற்கே உள்ள ஆறுகளும். 1952-ல் ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் என்ற ஊருக்குக் கொண்டுவரப்பட்டது. மலிவான புரதம் என்ற நல்ல எண்ணம்தான். உப்புநீரும் தாங்கும், பாசி, சகதி, பூச்சி, அடுத்த மீனின் முட்டை என எதையும் தின்னும். 1959-ல் மேற்கொண்டு பரப்பக் கூடாது என்று தடை வந்தது. மீனிடம் யார் சொல்வது? இன்று உலகின் மோசமான 100 அயல் ஊடுருவிகள் பட்டியலில் இது இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பிறந்த மண்ணில் இது அழியும் ஆபத்திலுள்ள இனம். லிம்போபோ ஆற்றுப்படுகையில் மனிதர்கள் கொண்டுவந்த, ஜிலேபிக்கு நெருங்கிய உறவான நைல் திலேப்பியா மீனோடு கலந்து, கலப்பில்லாத ஜிலேபி குறைந்துகொண்டே போகிறது. இங்கே அது செய்ததை அங்கே அதற்கு இன்னொன்று செய்கிறது.

சரி, குட்டைக்கு வருவோம். கையில் பிடித்தாலோ வலையில் மாட்டினாலோ தாய் மீன் குஞ்சுகளைத் துப்பிவிடும். பொடிக்குஞ்சுகள் வலைக்கண் வழியாகத் தண்ணீருக்கே திரும்பிவிடும். ஆகவே வலை இழுத்து இதை ஒழிக்க முடியாது. தண்ணீரை முழுக்க வடித்து, அடிமண் வெடிக்கும்வரை காயப்போட வேண்டும். மூலையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றாலும் வீண். வடிக்க வழியில்லாத இடத்தில் மீனைக் கொல்லும் இலுப்பைப் பிண்ணாக்கு: ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேருக்கு 2,500 கிலோ. போட்ட பிறகு மூன்று வாரம் பொறுத்துத்தான் குஞ்சு விட வேண்டும். ஏரி, ஆற்றில் இதைக் கரைக்கவே கூடாது, எல்லா மீனும் செத்துவிடும். குட்டைத் தண்ணீரும் அந்த மூன்று வாரம் வெளியே போகக் கூடாது.

அந்த விவசாயி வடித்துக் காயப்போட்டார். பிறகு நாங்கள் இருவரும் வரத்துக் கால்வாயைப் பார்க்கப் போனோம். மடையில் கட்டியிருந்த கொசுவலையில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை.