திருத்திய விடைத்தாளைக் கேட்டுப் பெறும் உரிமை: பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு விளக்கம்

பருவத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில், நன்றாக எழுதியதாக நம்பிய தாளில் தோல்வி என்று வந்துவிட்டால், மாணவர்களில் ஒரு சாரார் தலையெழுத்தை நொந்துகொண்டு அரியர் எழுத ஆயத்தமாகிறார்கள். மற்றொரு சாரார் தாளில் என்ன நடந்திருக்கிறது என்று பாராமலேயே மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் முன்பாக, திருத்தப்பட்ட தன் விடைத்தாளைக் கண்ணால் பார்ப்பதற்கு மாணவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்பதையும், அந்த உரிமையை எந்த வழியில், எந்தக் கெடுவுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த உரிமைக்கு அடிப்படையாக இருப்பது 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஆனால் அச்சட்டத்தில் ‘விடைத்தாள்’ என்ற சொல்லே இல்லாததால், அது வந்த பிறகும் தேர்வு நடத்தும் அமைப்புகள் பல ஆண்டுகள் தாள்களைக் காட்ட மறுத்தே வந்தன. சி.பி.எஸ்.இ. 2008 இல் நடத்திய இடைநிலைப் பள்ளித் தேர்வை எழுதிய ஆதித்ய பந்தோபாத்யாய தொடுத்த வழக்கில், 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஆர்.வி. ரவீந்திரன், ஏ.கே. பட்நாயக் ஆகியோர் அளித்த தீர்ப்புதான் இந்தக் கேள்விக்கு முடிவு கட்டியது. கல்கத்தாப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட பிற அமைப்புகளின் மேல்முறையீடுகளும் அதே தொகுதியில் இருந்ததால், அது பள்ளித் தேர்வோடு நின்றுவிடவில்லை. மாணவர் எழுதித் தந்த தாள் தேர்வு அமைப்பின் கைக்குப் போனதும் அது ஓர் ‘ஆவணம்’ ஆகிறது. அதில் மதிப்பீட்டாளர் மதிப்பெண் இடும்போது அது அவருடைய ‘கருத்தை’ உள்ளடக்கிய ஆவணமாகிறது. சட்டத்தின் 2(எஃப்) பிரிவு இவ்விரண்டையுமே ‘தகவல்’ என்று வரையறுக்கிறது. நீதிமன்றம் சென்ற வழி இவ்வளவு எளிமையானது.

விடைத்தாளைத் தாங்கள் மதிப்பீட்டாளருக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருப்பதாகவும், ஆகவே 8(1)(இ) பிரிவின்படி தர வேண்டியதில்லை என்றும் சி.பி.எஸ்.இ. வாரியம் வாதிட்டது. மதிப்பீட்டாளர் வாரியத்தின் வேலையைச் செய்து கொடுப்பவர், தாளின் மீது அவருக்கு எந்த உரிமையும் இல்லை என்று கூறிய நீதிமன்றம், நம்பிக்கை உறவு என்று ஒன்று இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும் அது மாணவர் பொருட்டு இருப்பதேயன்றி அவரிடமிருந்தே மறைப்பதற்கு உதவாது என்றும் விளக்கியது. அதே நேரத்தில், மதிப்பீட்டாளர், ஒருங்கிணைப்பாளர், கூர்ந்தாய்வாளர் ஆகியோரின் பெயரும் கையொப்பமும் வெளியே தெரிந்தால் அவர்களின் பாதுகாப்புக்கு ஊறு நேரலாம் என்பதால், அந்தப் பகுதிகளை நீக்கியோ மறைத்தோதான் நகல் தரப்பட வேண்டும். யார் திருத்தினார் என்று அறிந்துகொள்ளும் ஆவலோடு விண்ணப்பிப்பவருக்கு அந்த இடத்தில் கறுப்புக் கட்டம்தான் கிடைக்கும்.

நகலை வாங்கி என்ன பார்ப்பது என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். நான் விடுதியில் இருந்த காலத்தில், தேர்ச்சிக்கு நான்கு மதிப்பெண் குறைந்த ஒரு தாளின் நகலை அறைத்தோழர் வரவழைத்தார். உள்ளே பன்னிரண்டாம் கேள்வியின் முடிவில் சிவப்பு மையில் 11 என்று தெளிவாக இருந்தது; முகப்புத்தாளின் கட்டத்தில் அதே கேள்விக்கு நேரே 1 மட்டும் இருந்தது. ஆகவே நகல் கைக்கு வந்ததும் விடை சரியா தவறா என்ற ஆராய்ச்சியில் இறங்காமல், முதலில் உள்பக்க மதிப்பெண்ணையும் முகப்புக் கட்டத்தையும் கேள்வி வாரியாக ஒப்பிடுங்கள். பிறகு கூட்டலைச் சரிபாருங்கள். பிறகு சிவப்பு மையே படாத பக்கம் எதுவும் உண்டா என்று புரட்டுங்கள். வினா எண்ணைத் தவறாக எழுதிய இடமும், ஒரு விடையைப் பாதியில் விட்டுச் சில பக்கங்கள் தள்ளித் தொடர்ந்த இடமும் திருத்துபவரின் கண்ணுக்குத் தப்புவது உண்டு. தேர்வறையில் இருக்கும்போதே வினா எண்ணை ஓரத்தில் பளிச்சென்று எழுதி, தொடர்ச்சி எந்தப் பக்கத்தில் உள்ளது என்று குறித்து வைப்பவருக்கு இந்த அலைச்சலில் பாதி மிச்சம்.

நகல் பெற இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பல்கலைக்கழகமே முடிவோடு சேர்த்து அறிவிக்கும் விடைத்தாள் நகல் திட்டம். அதற்குத் தாள் ஒன்றுக்குச் சில நூறு ரூபாய் வரை கட்டணமும், சில நாள்களே நீடிக்கும் கெடுவும் உண்டு. மற்றொன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்பது. தமிழ்நாட்டு அரசின் விதிகளின்படி இதற்கு விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். நாற்பது பக்க விடைத்தாள் என்றால் 80 ரூபாய். திருவாரூரில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற மத்திய நிறுவனங்களுக்கு மத்திய அரசின் விதிகள் பொருந்தும் என்றாலும் இந்தத் தொகைகள் அங்கும் இவையே. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்தினர் உரிய சான்றை இணைத்தால் கட்டணமே இல்லை.

‘எங்களிடம் தனித் திட்டம் இருக்கிறது, அதில் பணம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று, இச்சட்ட விண்ணப்பங்களைக் கவனிக்கும் பொதுத் தகவல் அலுவலர் பதில் அனுப்பக்கூடும். இதே விவகாரம் கம்பெனி செயலாளர்கள் நிறுவனத்தின் தேர்வு தொடர்பாக உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அந்நிறுவனம் தன் வழிகாட்டுதலின்படி பாடத்துக்கு 500 ரூபாய் கேட்டது. நிறுவனத்தின் திட்டம், சட்டத்தின் கீழான விண்ணப்பம் ஆகிய இரண்டு வழிகளும் மாணவருக்குத் திறந்தே இருக்கின்றன என்றும், சட்டத்தின் கீழ் கேட்டால் சட்டவிதிக் கட்டணமே வாங்கப்பட வேண்டும் என்றும் 2019 ஏப்ரலில் பாரஸ் ஜெயின் வழக்கில் தீர்ப்பானது.

அப்படியானால் மலிவான வழியிலேயே போய்விடலாமே என்று தோன்றும். மாணவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான் என்பது என் கருத்து. விடைத்தாளைப் பார்க்கும் உரிமையை நாடு முழுமைக்குமான சட்டம் தருகிறது. அதை மறுபடி திருத்தச் சொல்லும் உரிமையைப் பல்கலைக்கழகத்தின் சொந்த விதிகள் மட்டுமே தருகின்றன. 2011 தீர்ப்பே, நகல் பெறும் உரிமையால் மறுமதிப்பீடு கோரும் உரிமை தானாக வந்துவிடாது என்று தெளிவாகச் சொல்கிறது. தகவல் அலுவலருக்கு 30 நாள் அவகாசம் உண்டு. பக்கக் கட்டணம் கேட்டு அவர் கடிதம் அனுப்பினால், அன்றிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள் வரை அந்தக் கணக்கில் சேராது. மறுமதிப்பீட்டுக்கான கெடு அதற்கு வெகு முன்பாகவே முடிந்துவிடும். தங்கள் திட்டத்தின் மூலம் நகல் வாங்கியவர்களை மட்டுமே மறுமதிப்பீட்டுக்கு அனுமதிக்கும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. ஆகவே மதிப்பெண் மாறவேண்டும் என்பது நோக்கமானால், கட்டணம் கூடுதலானாலும் பல்கலைக்கழக அறிவிப்பின்படியே முதலில் நகலுக்கு விண்ணப்பிப்பதுதான் புத்திசாலித்தனம். அந்தக் கெடு தவறியவர்களுக்கும், நகல் திட்டமே இல்லாத நிறுவனத்தில் படிப்பவர்களுக்கும், கேட்ட தொகையைக் கட்ட முடியாதவர்களுக்கும் சட்டத்தின் வழி கைகொடுக்கும்; அதில் கூட்டல் பிழையோ திருத்தப்படாத விடையோ வெளிப்பட்டால், நகலை இணைத்துத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் முறையிடலாம். விதியில் இடமில்லாதபோது நீதிமன்றம் மறுமதிப்பீட்டுக்கு உத்தரவிடுவது மிக அரிது; தவறு எந்த விளக்கமும் தேவைப்படாமல் தாளிலேயே வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்று 2017 டிசம்பரில் ரன் விஜய் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரம்பு வகுத்திருக்கிறது.

விண்ணப்பத்தைப் பொதுத் தகவல் அலுவலருக்கு முகவரியிட்டு, வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதலாம். இணைப்புக் கல்லூரியில் படித்தாலும் தேர்வை நடத்துவது பல்கலைக்கழகம் என்றால் விண்ணப்பம் பல்கலைக்கழகத்துக்கே போக வேண்டும். தன்னாட்சி பெற்ற அரசுக் கல்லூரி, அரசு உதவிபெறும் கல்லூரி ஆகியவற்றில் தேர்வு நடத்துவது கல்லூரியே என்பதால் அங்கேயே கேட்க வேண்டும். ‘எனக்கு ஏன் மதிப்பெண் குறைந்தது?’ என்று எழுதினால் அது நிராகரிக்கப்படும், ஏனெனில் இருக்கும் ஆவணத்தைத் தருவதே அலுவலரின் கடமை, காரணம் ஆராய்ந்து சொல்வது அன்று. அதற்குப் பதிலாக, பதிவெண், தேர்வு நடந்த மாதமும் ஆண்டும், பாடத்தின் பெயரும் குறியீடும் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ‘மேற்கண்ட தேர்வில் நான் எழுதிய, மதிப்பிடப்பட்ட விடைத்தாளின் முகப்புத்தாள் உள்ளிட்ட அனைத்துப் பக்கங்களின் சான்றளிக்கப்பட்ட நகலைத் தர வேண்டுகிறேன்’ என்று ஒரே வாக்கியத்தில் எழுதினால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் தாள் உங்களுடையதுதான் என்பதற்கு நுழைவுச்சீட்டின் நகலை இணைப்பது நல்லது. மாநில அமைப்புகளுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை விண்ணப்பத்திலேயே ஒட்டி, விரைவு அஞ்சலில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

30 நாளில் பதில் வராவிட்டால் அது மறுப்பாகவே கருதப்படும். அடுத்த 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அவர் 30 நாளில், மிஞ்சினால் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் தீர்வு இல்லை என்றால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். மத்திய நிறுவனம் என்றால் மத்திய தகவல் ஆணையத்துக்குச் செய்ய வேண்டும். கெடு தாண்டித் தரப்படும் தகவலுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. நியாயமான காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

ஆணையத்தில் முறை வருவதற்கு மாதங்கள் ஆகலாம் என்பதால், அதற்குள் தாளே இல்லாமல் போகும் ஆபத்தும் இருக்கிறது. விடைத்தாளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பது அந்தந்த அமைப்பின் விதியைப் பொறுத்தது. 2011 வழக்கின்போது சி.பி.எஸ்.இ. வைத்திருந்த காலம் மூன்றே மாதம். 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவலைத் தருவது குறித்த சட்டத்தின் 8(3) பிரிவைக் காட்டி அந்தக் காலத்தை நீட்டிக்க முடியாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே முதல் விண்ணப்பத்திலேயே, ‘இவ்விண்ணப்பமும் இதன் மேல்முறையீடுகளும் முடியும் வரை மேற்படி விடைத்தாளை அழிக்காமல் பாதுகாக்க வேண்டுகிறேன்’ என்ற வரியையும் சேர்த்து, அதன் பிரதி ஒன்றைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் அனுப்பிவிடுங்கள்.