கிராஃபிட்டி: கிறுக்கலா, சுவரெழுத்தா?

போன வாரம் கைக்கு வந்த ஓர் அழைப்பிதழில் 'கண்ணகி நகர்ச் சுவர்க் கிறுக்கல்களைக் காண வாரீர்' என்றிருந்தது. சென்னையின் பல இடங்களிலிருந்து அப்புறப்படுத்தியவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் அது. அந்த அடுக்குக் குடியிருப்புகளின் பக்கச் சுவர்களில் மாடி உயரத்துக்கு முகங்களை வரைந்தார்கள், 2020 வாக்கில், அனுமதி வாங்கி. ஓவியம் பார்க்கவென்றே ஜனங்கள் அங்கே போகிறார்கள். 'கிராஃபிட்டி'யைத் தமிழாக்குகிறேன் என்று அதற்கு வைத்த பெயர் கிறுக்கலாம்!

முதலில், அது கிராஃபிட்டியே இல்லை, மியூரல். தமிழில் சுவரோவியம், தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சொல்கிறோமே அதே சொல். கிராஃபிட்டி வேறு, யாரையும் கேட்காமல் சுவரில் எழுதுவது, வரைவது. இத்தாலிய மொழியில் 'கீறு' என்ற வினையில் பிறந்தது, பழைய ரோமானிய நகரமான பொம்பெயியின் சுவர்க் கீறல்களுக்கு வழங்கி, பிற்பாடு ஸ்ப்ரே பெயிண்டுக்கு வந்து சேர்ந்தது. சரி, இது போதும்.

சிலர் வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு 'சுவர்க்கீறல்' என்கிறார்கள். பானை ஓட்டில் இருந்தால் கீறல் பொருந்தும், கீழடியில் கிடைத்தவை அப்படித்தான். சுவரில் கீறல் என்று சொல்லிப் பாருங்கள், வீட்டுக்காரர் கொத்தனாரைக் கூப்பிடுவார்.

'கிறுக்கல்' அதைவிட மோசம், சொல்லிலேயே தீர்ப்பும் வந்துவிடுகிறது. அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் 1984இல் கிராஃபிட்டியை ஒழிக்கவென்று நகராட்சி ஆரம்பித்த திட்டம், சுவரில் எழுதித் திரிந்த அதே பையன்களின் கையில் தூரிகையைக் கொடுத்து, கடைசியில் ஊரெல்லாம் சுவரோவியம் வரையும் அமைப்பாகவே மாறிவிட்டது. இந்தக் கதையை 'கிறுக்கல்' என்று மொழிபெயர்த்தால் கிறுக்கர்கள் திருந்திய கதையாகிவிடும். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் புரட்டுகிற நேரத்தில் ஒரு தடவை தெருவை எட்டிப் பார்க்கலாம்.

தெருவில் சொல் இருக்கிறது: சுவரெழுத்து. தேர்தலுக்கு எத்தனையோ மாதம் முன்பே சுண்ணாம்பு அடித்து, மூலையில் கட்சிப் பெயரும் வருடமும் போட்டு, சுவரைப் பிடித்து வைப்பார்களே, அந்தக் கலை. (பொம்பெயியிலும் தேர்தலில் இன்னாரை ஆதரியுங்கள் என்று சுவரில் தீட்டியிருக்கிறார்கள்.) அது காசுக்கு எழுதுவது, கிராஃபிட்டியோ அனுமதியில்லாதது என்று நண்பர் ஒருவர் மறுத்தார். நம்மூரில் எந்தச் சுவர்க்காரரிடம் அனுமதி கேட்டார்கள்? கேட்காமல் எழுதுவதைத் தடுக்கத்தானே 1959லேயே சட்டம் போட்டார்கள்?

எழுத்தே இல்லாமல் வெறும் படமாக இருந்தால் இந்தச் சொல் இடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். அப்போது பேசாமல் கிராஃபிட்டி என்றே எழுதுங்கள், எனக்கு வருத்தமில்லை.