அது ஐ.நா. அறிக்கை இல்லை, தம்பி

சென்ற வாரம் எங்கள் மையத்தில் குரூப் 1 மாதிரி நேர்முகத் தேர்வு. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் பையன். நன்றாகப் படிப்பவன், அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதுகாப்புக் கொள்கை பற்றிக் கேட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னான்: "சார், ஆயுதம் வாங்க உலகிலேயே அதிகப் பணம் செலவழிக்கும் நாடு இந்தியா என்று ஐ.நா.வின் சிப்ரி அமைப்பு அறிவித்திருக்கிறது."

ஒரே வாக்கியத்தில் மூன்று தவறு. இந்த மாதத்தில் இதே பதிலைச் சொன்ன நான்காவது ஆள் அவன். மதுரையில் 14 வருடமாகச் சர்வதேச உறவுகள் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் தொண்டை வற்றச் சொன்னது போதவில்லை என்பதால் இப்போது எழுதுகிறேன்.

சிப்ரி ஐ.நா. அமைப்பு அல்ல. ஸ்வீடன் நாடாளுமன்றத்தின் முடிவால் 1966இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய, ஆயுதம், போர், அமைதி பற்றி ஆராயும் நிறுவனம். அதன் பணத்தில் கணிசமான பகுதி ஸ்வீடன் அரசின் மானியம். உலகப் பட்டினிக் குறியீடும் ஐ.நா. அறிக்கை அல்ல, ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் வெளியிடுவது. உலக அமைதிக் குறியீடு சிட்னியில் இருக்கும் ஓர் ஆய்வு நிறுவனத்தின் வேலை. பாஸ்போர்ட் தரவரிசையோ லண்டனில் உள்ள தனியார் நிறுவனத்துடையது. வெளிநாட்டுப் பெயரும் வரைபடமும் இருந்தாலே ஐ.நா. என்று எழுதிவிடும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கைடு புத்தகத்தில் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் இருக்கிறது, பட்டிமன்ற மேடையிலும் கேட்டுவிட்டேன்.

"யார் சொன்னால் என்ன சார், எண் சரிதானே?" என்று கேட்கிறார்கள். இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்கலாம், அந்தக் கேள்வி வேண்டாம், இதை எண்ணலாம், அதை விட்டுவிடலாம் என்று ஒரு நிறுவனத்தில் சிலர் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். அதற்குப் பிறகுதான் எண் பிறக்கிறது. அது ஒரு வாதம். நேர்மையான வாதமாகவும் இருக்கலாம், ஆனால் தீர்ப்பு அல்ல. ஐ.நா. என்று நீங்கள் பெயர் போட்ட நிமிடமே, எதிர்க்கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் தலையாட்ட வைத்துவிடுகிறீர்கள்.

இரண்டாவது தவறு, பணம். சிப்ரியின் ஆயுத இறக்குமதிக் கணக்கு வாங்கியவர் கொடுத்த விலையைப் பார்ப்பதே இல்லை. ஒரு போர் விமானத்தின் ராணுவ மதிப்புக்கு ஒரு புள்ளி வைத்து, அப்படி வந்து சேர்ந்த ஆயுதங்களின் அளவைக் கூட்டுகிறார்கள். காசு கொடுத்து வாங்கினாலும் இனாமாகக் கிடைத்தாலும் புள்ளி ஒன்றுதான். அதுவும் ஐந்தைந்து ஆண்டுகளாகச் சேர்த்து. 2025 மார்ச்சில் வெளியான, 2020 முதல் 2024 வரைக்குமான பட்டியலில் முதலிடம் உக்ரைனுக்கு. போரில் பிற நாடுகள் உதவியாகக் கொடுத்ததும் அதில் அடக்கம். இந்தியா 8.3 சதவீதத்தோடு இரண்டாம் இடம். பையன் சொன்ன முதலிடம் முந்தைய பட்டியலுடையது. ஆக, மூன்றாவது தவறு, ஆண்டு.

எண்ணையாவது திருத்திவிடலாம். சொல்லைத் திருத்துவதுதான் கஷ்டம். இந்த நிறுவனங்களின் உண்மையான பலமும் சொல்லில்தான் இருக்கிறது.

இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரம் கடலுக்கு அந்தப் பக்கம் நடப்பது நமக்கு வெளிநாட்டுச் செய்தி மட்டுமல்ல. "சீனாவின் கடன் பொறி", அதாவது கடன் கொடுத்துச் சிக்கவைத்துப் பிடிக்குள் கொண்டுவருவது, என்று என் மாணவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தத் தொடரை 2017 ஜனவரியில் தன் கட்டுரையில் வைத்தவர் பிரம்மா செல்லானி, அப்போது டெல்லியில் உள்ள கொள்கை ஆய்வு மையத்தில் பேராசிரியர். அதே ஆண்டு டிசம்பரில் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகையில் சீன நிறுவனத்தின் கைக்குப் போனது. சொல் பற்றிக்கொண்டது. 2018 அக்டோபரில் அமெரிக்கத் துணை அதிபர் மைக் பென்ஸ், இலங்கையை உதாரணம் காட்டிச் சீனாவின் கடன் ராஜதந்திரம் பற்றிப் பேசினார். அவர் பேசிய மேடையும் ஹட்சன் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனத்துடையதுதான்.

சரி, மறுபக்கம்? 2020இல் லண்டனின் சாத்தம் ஹவுஸ் என்ற ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை இதை மறுக்கிறது. துறைமுகத் திட்டத்தைக் கேட்டு வாங்கியது இலங்கைதான், கடன் நெருக்கடிக்குப் பெரிய காரணம் சர்வதேசச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்கள், குத்தகைப் பணம் துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை, அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது என்கிறது. எனக்கு இந்த வாதம் வலுவாகப் படுகிறது. இந்தியக் கடற்படைக்கு அங்கே கவலைப்பட நியாயமான காரணம் இருக்கிறது, அது தனி விஷயம். ஆனால் என் மாணவர்களில் ஒருவர்கூட இரண்டையும் எழுதியதில்லை. இந்தியாவைச் சுற்றிச் சீனா துறைமுகங்களைக் கோக்கிறது என்று சொல்லும் "முத்துமாலை" கதையும் இதேதான். அது சீனா வைத்த பெயர் அல்ல, அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ஓர் ஆலோசனை நிறுவனம் தயாரித்த அறிக்கையில் வந்த சொல்.

அப்புறம், யார் பணம் தருகிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவின் புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனத்துக்கு நான்கு ஆண்டுகளுக்குக் கத்தார் 1.48 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது 2014இல் வெளியே வந்தது. லண்டனின் ஐ.ஐ.எஸ்.எஸ். என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பஹ்ரைன் அரச குடும்பத்திடம் 2.5 கோடி பவுண்டு பெற்றதை 2016இல் பத்திரிகைகள் எழுதின. அதே நிறுவனம் பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் பாதுகாப்பு மாநாடும் நடத்துகிறது. நம் டெல்லியில், பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐ.டி.எஸ்.ஏ. பாதுகாப்பு அமைச்சகத்தின் நிதியில் இயங்குகிறது. ஓ.ஆர்.எஃப். என்ற கொள்கை ஆய்வு நிறுவனம் 1990இல் ரிலையன்ஸ் ஆதரவோடு தொடங்கியது.

இதைச் சொன்னதும் சிலர் எதிர்ப்பக்கம் ஓடிவிடுகிறார்கள், எல்லாமே கூலிக்கு எழுதியது என்று. தயவுசெய்து அதையும் செய்யாதீர்கள். திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் அதே ஐ.டி.எஸ்.ஏ.வில்தான் இயக்குநராக இருந்தார். அரசு நிதியில் இயங்கும் நிறுவனத்தில் இருந்துகொண்டே, அரசு தயங்கிய காலத்தில் இந்தியாவுக்கு அணு ஆயுதம் வேண்டும் என்று வாதாடினார். கார்கில் போருக்குப் பிறகு அதை ஆராய்ந்த குழுவுக்கும் அவர்தான் தலைவர். அவரோடு முரண்படலாம், அவர் எழுதியதைப் படிக்காமல் முரண்பட முடியாது.

அதனால், அறிக்கையைச் சொன்னால் நிறுவனத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்த ஊர், யார் பணம் என்பது அவர்கள் இணையதளத்திலேயே பெரும்பாலும் இருக்கும், தேடுங்கள். என்ன எண்ணினார்கள் என்று விளக்கும் பக்கத்தைப் படிக்காமல் எண்ணைத் தொடாதீர்கள். அதே விஷயத்தில் மறுத்து எழுதிய ஒருவரையாவது கண்டுபிடியுங்கள். "ஆய்வுகள் சொல்கின்றன" என்று இனி யாரும் என் முன்னால் ஆரம்பிக்க வேண்டாம். கைடு அச்சடிப்பவர்களே, எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டைப் போடுங்கள், நாலு எழுத்து இடம்தான் பிடிக்கும்.

ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று தயங்குபவர்களுக்கு ஒன்று. தமிழ்வழியில் படித்துவிட்டு அந்த அறிக்கைகளைத் திறக்கப் பயந்த நாள் எனக்கும் உண்டு. சிப்ரியின் தரவுகள் இணையத்தில் இலவசம். ஞாயிற்றுக்கிழமை காலை புதுநத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு வாருங்கள், வரி வரியாகச் சேர்ந்து படிப்போம். உசிலம்பட்டிப் பையன் போன ஞாயிறே வந்துவிட்டான். புள்ளிக் கணக்கை விளக்கும் பக்கத்தை அச்செடுத்து, ஓரத்தில் தமிழில் குறிப்பெழுதிக் கொண்டுவந்திருந்தான். முதல் கேள்வியே, "சார், பழைய விமானம் வாங்கினால் புள்ளி குறையுமா?" குறையும் என்றேன். எவ்வளவு என்று அவனே அந்தப் பக்கத்தில் தேட ஆரம்பித்தான்.