பத்தாயிரம் கொடுத்தால் பத்தாயிரமும் திரும்பி வராது

சென்ற ஜூலையில் வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்காக என்னிடம் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தொண்டு நிறுவனம் ஒன்றின் 10,000 ரூபாய் ரசீதை மேசைமேல் வைத்து, "இந்தப் பணம் வரியில் அப்படியே திரும்பி வந்துவிடும் என்று அந்தப் பெண் தொலைபேசியில் சொன்னாளே, சார்" என்றார். ரசீதில் 'ரொக்கம்' என்று எழுதியிருந்தது. அந்தப் பருவத்தில் "ஒரு பைசாவும் வராது, அம்மா" என்று நான் சொல்ல நேர்ந்த ஏழாவது ஆள் அவர். இந்நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்து பிழைப்பவன் என்பதால் இதுவரை பேசாமல் இருந்தேன்.

நன்கொடை கேட்டு அழைப்பவர்கள் முதலில், நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவைப் புரிந்துகொள்ள வேண்டும். அதன்படி கழிக்கப்படுவது வரியிலிருந்து அல்ல, வரிக்கு உட்படும் வருமானத்திலிருந்து. பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுப்பதில் பாதிதான் கழிவாகும். அதற்கும் வருமானத்தை ஒட்டி ஒரு வரம்பு உண்டு. 10,000 ரூபாயை வங்கி வழியாகக் கொடுத்தவருக்கு 5,000 ரூபாய் கழிவு என்றால், 20 சதவீத வரி செலுத்துபவருக்கு மிச்சமாவது செஸ் உட்பட 1,040 ரூபாய். அதுவும் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டுமே. 2023-24 நிதியாண்டு முதல் இயல்பாகப் பொருந்துகிற புதிய முறையில் தனிநபருக்கு இந்தக் கழிவே கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது; அரிசி மூட்டைக்கும் பழைய துணிக்கும் கிடையாது. இத்தனையையும் மறைத்து 'முழு வரிவிலக்கு' என்று துண்டறிக்கை அச்சிடுவதை ஆர்வமிகுதி என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆண்டு முடிந்ததும் மே 31க்குள், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று வரித்துறைக்குச் சொல்லும் 10பிடி படிவத்தைத் தாக்கல் செய்து, கொடையாளருக்கு 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் தரவேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. பேன் எண்ணைக் கேட்டு வாங்காமல் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, "உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்" என்று கைகழுவாதீர்கள்.

அந்த அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு சிறுமியின் படமும் அனுப்பியிருந்தார்கள், பெயரோடும் ஊரோடும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவில் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் கிடக்கட்டும், உங்கள் வீட்டுப் பிள்ளையின் படத்தை முன்பின் தெரியாதவர்களுக்கு இப்படி அனுப்புவீர்களா?

'நூற்றுக்கு நூறு குழந்தைகளுக்கே' என்ற வாசகத்தையும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். வாடகையும் சம்பளமும் நன்கொடையிலிருந்துதான் போகின்றன. என் கட்டணமும் அப்படித்தான். நிர்வாகச் செலவு இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொன்னால் கொடுப்பவர்கள் புரிந்துகொள்வார்கள். அறுவை சிகிச்சைக்கென்று கேட்டு வாங்கிய பணத்தில் வேனுக்கு டயர் மாற்றினால்தான் புரிந்துகொள்ள மாட்டார்கள். ஒரு நோக்கத்துக்காகத் திரட்டிய தொகையில் மிச்சம் விழுந்தால், வேறு செலவில் கலக்கும் முன் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

வரிக் கணக்கு முடிந்து எழுந்தபோது அந்த அம்மா, "அந்தப் பெண்குழந்தை இப்போது எப்படி இருக்கிறாள் என்று மட்டும் விசாரித்துச் சொல்ல முடியுமா?" என்றார். நிறுவனத்தை அழைத்தேன். ரசீது எண்ணைக் கேட்டார்கள், சொன்னேன். எந்தக் குழந்தை என்று திருப்பிக் கேட்டார்கள்.